தனி வகுப்பா, வகுப்பிலேயே துணை ஆசிரியரா?

பள்ளியின் பயிற்று மொழி வீட்டில் பேசாத மொழியாக இருந்தால், பிள்ளையைத் தனியே அழைத்துப் போய் மொழி கற்பிப்பதா, வகுப்பிலேயே பக்கத்தில் ஒரு துணை ஆசிரியரை அமர்த்துவதா?

செலவு: தனி வகுப்பில் ஒரே ஆசிரியர் பல வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக் கவனிக்கலாம். துணை ஆசிரியர் முறைக்கு ஆள் அதிகம் வேண்டும். பள்ளிக்குக் கையைக் கடிக்கும்.

கூச்சம்: தப்பும் தவறுமாகப் பேசிப் பார்க்கும் துணிச்சல் ஐந்தாறு பேர் முன் வரும், முழு வகுப்பின் முன் வராது. இதில் என் ஓட்டு தனி வகுப்புக்கே.

பாடம்: இங்கேதான் தனி வகுப்பு சறுக்குகிறது. பிள்ளை திரும்பி வரும்போது கரும்பலகையில் பின்னக் கணக்கு பாதி முடிந்திருக்கும். பக்கத்தில் இருப்பவரின் நோட்டைப் பார்த்து எழுதுவதுதான் வழி. துணை ஆசிரியர் என்றால், மேலெண் எது, கீழெண் எது என்று அந்த நிமிடமே வீட்டு மொழியில் காதோடு சொல்லிவிடலாம். (அவருக்கு அந்த மொழி தெரிய வேண்டும், பல பள்ளிகள் இதைக் கேட்பதே இல்லை.)

காலம்: அன்றாடப் பேச்சு சுமார் 2 ஆண்டுகளில் கைவரும், பாடநூல் மொழிக்கு 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்கிறார் கனடா ஆய்வாளர் ஜிம் கமின்ஸ். அத்தனை ஆண்டுகள் தனி அறைக்கு அனுப்பினால் மற்றப் பாடங்கள் என்னாவது?

புதிதாகச் சேர்ந்து வாய் திறக்காத பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் தனி வகுப்பு நல்லது, அதுவும் கணக்கு, அறிவியல் நேரத்தில் கை வைக்காமல். சரளமாகப் பேசியும் பாடநூலில் தடுமாறும் பிள்ளைக்குத் துணை ஆசிரியரைக் கேளுங்கள்.