பெல்ஃபாஸ்டுக்குப் பார்சல் போடணுமா? வண்ணாரப்பேட்டையில் ஒரு கூரியர் கடை

மகள் பெல்ஃபாஸ்டில் நர்ஸ். கருப்பட்டி, சுக்கு, அப்பளம், சுண்டவத்தல் என்று அவ்வப்போது இங்கிருந்து பெட்டி போகும். திருநெல்வேலியில் வெளிநாட்டுப் பார்சல் எடுக்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வண்ணாரப்பேட்டையில் இருக்கும் இந்தச் சின்னக் கடையில்தான், பெட்டியைத் தராசில் ஏற்றுமுன்பே கவுன்டர் தம்பி கேட்டார்: "அண்ணாச்சி, பெல்ஃபாஸ்டுன்னா போஸ்ட்கோடு பி.டி.ல ஆரம்பிக்கும்லா? அது பிரிட்டன் கணக்கு. வெறுமனே அயர்லாந்துன்னு எழுதிரக் கூடாது."

இந்த ஒரு கேள்விக்கே நாலு நட்சத்திரம் கொடுக்கலாம். முன்பு வேறொரு கூரியரில் அயர்லாந்து என்று போட்டு, பெட்டி டப்ளினில் போய்க் கிடந்தது. மகள் போன் மேல் போன் போட்டு மீட்டாள்.

பெல்ஃபாஸ்ட் இருப்பது வட அயர்லாந்தில். தெற்கே டப்ளின் இருக்கும் அயர்லாந்து தனி நாடு, ஐரோப்பிய யூனியன் என்ற நாடுகளின் கூட்டமைப்பில் இருக்கிறது. வடக்கே ஆட்சி பிரிட்டனுடையது, சரக்குக்கு மட்டும் பெரும்பாலும் ஐரோப்பிய யூனியன் விதி. வட அயர்லாந்தின் நிலைமை இதுதான். நான் செங்கோட்டையில் லாரி புக்கிங்கில் இருந்தவன், அதனால் இந்தச் சிக்கல் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. 2017-இல் ஜி.எஸ்.டி. வருமுன், பாவூர்சத்திரம் காய்கறி ஏற்றிய வண்டி புளியரை செக்போஸ்டில் மாட்டினால் தக்காளி கேரளா போய்ச் சேருமுன் கசிந்துவிடும். அயர்லாந்துத் தீவுக்கு நடுவிலோ சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, அதைக் கடக்க 200-க்கும் மேற்பட்ட சாலைகள். அதோடு, 1998 சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் ராணுவச் சாவடிகளை எடுத்துவிட்ட எல்லை அது. பிரிட்டன் யூனியனை விட்டுப் போனால் அங்கே சரக்குச் சோதனை வேண்டிவரும். அதற்காக மறுபடி சாவடி வைத்தால் பழைய ரத்தக்களரி திரும்புமோ என்ற பயம். யூனியனில் இருப்பதா, வெளியேறுவதா என்று பிரிட்டன் நடத்திய 2016 வாக்கெடுப்பில் 'வெளியேறு' என்று குத்தியவர்கள் இதையெல்லாம் யோசித்த மாதிரி தெரியவில்லை. வட அயர்லாந்தில் 56 சதவீதம் பேர் யூனியனிலேயே இருப்போம் என்றுதான் போட்டார்கள்.

வேறு வழி கிடைக்கும்வரை மொத்த பிரிட்டனும் யூனியனின் சுங்க ஏற்பாட்டுக்குள் இருக்கட்டும் என்றார் அப்போதைய பிரதமர் தெரசா மே. அவருடைய ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 2019-இல் மூன்று முறை தோற்கடித்தது. அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் செக்போஸ்டைத் தரையிலிருந்து பிடுங்கிக் கடலில் நட்டார். 2021 முதல், இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் போகும் சரக்குக்கு பெல்ஃபாஸ்ட், லார்ன் துறைமுகங்களில் சோதனை. ஒரே நாட்டுக்குள்ளேயே! 2023-இல் வின்ட்சர் உடன்பாடு வந்து கொஞ்சம் தளர்த்தியது: அங்கேயே விற்றுத் தீரும் சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே தாண்டக்கூடியதற்குச் சிவப்பு வழி. இங்கிலாந்திலிருந்து வரும் பால் பண்டங்களில் 'ஐரோப்பிய யூனியனுக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கிறதாம். சில ஆன்லைன் கடைகள் 'அங்கெல்லாம் டெலிவரி கிடையாது' என்று கைவிரிப்பதாகவும் மகள் புலம்புவாள்.

சரி, கடைக்கு வருவோம். தம்பி பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். நெய் பாட்டிலைத் தனியே நகர்த்தி வைத்தார்: "பால் ஐட்டம் போகாது அண்ணாச்சி, லண்டனுக்கும் இதே கதைதான்." படிவத்தில் 'தின்பண்டம்' என்று ஒட்டுமொத்தமாக எழுதாமல், எது, எதில் செய்தது, எத்தனை கிராம், என்ன விலை என்று வரிவரியாக எழுதினார். கருப்பட்டி வியர்க்கும் என்று ஒவ்வொரு வட்டையும் தனித்தனியாகச் சுற்றினார். பெட்டி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

குறை இல்லாமல் இல்லை. அப்பளத்துக்கு எடை ஏது? ஆனாலும் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோ கணக்குக்குத்தான் காசு. எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான் என்றாலும், முன்கூட்டியே சொல்லியிருந்தால் சின்னப் பெட்டியாகக் கட்டியிருப்பேன். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதிலும் டேப் உருளைகள்.

போகிறவர்கள் ஆதார் நகல் கையோடு கொண்டு போங்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடை மதியம் மூடிவிடும்.