ஒரே தோற்றம், வேறு உள்ளடக்கம்: டைப்-சி ஹெட்போன் அடாப்டர்

புதிய கைப்பேசியில் ஹெட்போன் துளை இல்லை என்பதற்காக, நன்றாக ஒலித்துக்கொண்டிருந்த வயர் ஹெட்போனை ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை. ஆகவே, ஒரு முனையில் டைப்-சியும் மறுமுனையில் 3.5 மி.மீ. துளையும் கொண்ட, விரல் நீள அடாப்டர் ஒன்றை வாங்கி நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இது நான் வாங்கிய இரண்டாவது அடாப்டர். முதலில் வாங்கியது பார்வைக்கு இதன் இரட்டைப் பிறவி போலவே இருந்தது; ஆனால் செருகியவுடன், இந்த அனலாக் ஒலிக்கருவி இந்தக் கைப்பேசிக்குப் பொருந்தாது என்ற அறிவிப்பு திரையில் வந்தது, பாட்டு ஸ்பீக்கரிலேயே தொடர்ந்தது. அதே அடாப்டர் வீட்டிலிருந்த வேறொரு கைப்பேசியில் ஒரு குறையுமின்றிப் பாடியபோதுதான், பழுது பொருளில் இல்லை, நான் விவரம் தெரியாமல் வாங்கியதில் இருக்கிறது என்று புரிந்தது.

டைப்-சி துளை வழியே ஒலி வெளிவர இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், டிஜிட்டல் தரவை ஹெட்போனுக்கான அனலாக் மின்சமிக்ஞையாக மாற்றும் டிஏசி சில்லு கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. எது செருகப்பட்டது என்பதைக் கைப்பேசிக்கு உணர்த்தும் தன் இரண்டு சிசி முனைகளையும் அடாப்டர் தரையிணைப்போடு (கிரவுண்ட்) சேர்த்துக் காட்டுவதன் மூலம் 'நான் ஹெட்போன் அடாப்டர்' என்று அறிவித்ததும், வழக்கமாகத் தரவு ஓடும் டி பிளஸ், டி மைனஸ் கம்பிகளைக் கைப்பேசி வலது, இடது ஒலிக்காகத் திருப்பிவிடுகிறது. நான் முதலில் வாங்கிய இந்த வகை அடாப்டர் வெறும் கம்பிதான். தரவுக் கம்பிகளைத் திருப்பிவிடும் அமைப்பைத் தயாரிப்பாளர் கைப்பேசிக்குள் வைக்காவிட்டால் அது ஊமை. இரண்டாவது வழியில் கைப்பேசி டிஜிட்டல் தரவை மட்டுமே அனுப்புகிறது. டிஏசி, சமிக்ஞையை வலுவாக்கும் ஆம்ப்ளிஃபயர், மைக் ஒலியை மீண்டும் டிஜிட்டலாக்கும் பகுதி ஆகிய மூன்றும், அடாப்டரின் ஒரு முனையில் நகத்தளவே இருக்கும் அந்தப் புடைப்புக்குள் அடங்கிவிடுகின்றன. 2016-இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டபோது பெட்டியில் கூடவே வந்த லைட்னிங் அடாப்டரும் இந்த இரண்டாவது வகைதான்.

நான் இப்போது வைத்திருப்பதும் சில்லு உள்ள வகையே. அட்டையில், ஒலியை எவ்வளவு நுணுக்கமாகக் கையாளும் என்பதைக் காட்ட, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு பொதுவாக எல்லா ஒலியையும் நொடிக்கு இத்தனை மாதிரிகள் என்ற ஒரே வேகத்துக்கு, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு, மாற்றித்தான் அனுப்புகிறது. மாற்றமின்றி அப்படியே அனுப்பும் வசதி ஆண்ட்ராய்டு 14-இல்தான் வந்தது. அதையும் செயலி பயன்படுத்திக்கொண்டால்தான் உண்டு. ஆகவே அந்த எண்ணை நம்பி யாரும் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த எண்ணுக்கு வேறொரு பயன் இருக்கிறது: வெறும் கம்பி அடாப்டரின் அட்டையில் இப்படி அச்சிட ஒன்றும் இராது என்பதால், உள்ளே சில்லு இருக்கிறதா என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

ஒலியைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. காதுக்குள் பொருந்தும், 32 ஓம் மின்தடை கொண்ட இயர்போனில், பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அமைதியில்கூட இரைச்சல் கேட்கவில்லை. ஒலிக்க அதிக வலு கேட்கும் 250 ஓம் கொண்ட பெரிய ஹெட்போனை மாட்டியபோது மட்டும் ஒலியளவை முழுவதும் ஏற்றியும் பாட்டு எங்கோ தொலைவில் கேட்பது போலிருந்தது. இவ்வளவு சிறிய பொருளிடம் அதை எதிர்பார்த்தது என் பேராசை.

ப்ளூடூத் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சிடி ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவைப்பட, ப்ளூடூத்தில் உயர்தர ஒலிக்கான எல்டிஏசி முறையில்கூட அதிகபட்சம் 990தான் காற்றில் போகிறது என்றாலும், அந்த வேறுபாட்டை என் காதால் உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை. தாமதத்தை மட்டும் யாராலும் பிரித்தறிய முடியும். பியானோ செயலியைத் திறந்து கட்டையைத் தட்டினால், ப்ளூடூத்தில் விரலை எடுத்த பிறகே சுரம் வந்து சேர்கிறது. இந்த அடாப்டரில் விரல் பட்டதும் ஒலிக்கிறது. அழைப்பின்போது மைக்கை இயக்கியதும் என் ப்ளூடூத் ஹெட்போனில் ஒலித்தரம் சரிந்துவிடும். வயரில் அந்தத் தொல்லையும் இல்லை.

ஒருநாள் மிகப் பழைய இயர்போன் ஒன்றை மாட்டியபோது, வாத்தியங்கள் கேட்டன, பாடகரின் குரலைக் காணோம். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பியது, விட்டால் மறைந்தது. இது அடாப்டரின் குற்றம் அன்று. நான்கு பிரிவு கொண்ட பின்னில் மைக்கும் தரையிணைப்பும் இடம் மாறிய பழைய ஓஎம்டிபி முறையில் செய்த இயர்போன் அது. அடாப்டரோ இன்று பரவலாக உள்ள சிடிஐஏ முறையைப் பின்பற்றுகிறது. தரையிணைப்பு சரியாகக் கிடைக்காததால் இரு பக்கங்களுக்கும் பொதுவான ஒலி, அதாவது நடுவில் நிற்கும் குரல், ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

குறைகளில் பெரியது, பாட்டுக் கேட்கும்போது சார்ஜ் ஏற்ற முடியாது என்பது. வயர்லெஸ் சார்ஜிங் இல்லாத கைப்பேசி என்றால், சார்ஜருக்கும் சேர்த்து இரட்டைத் துளை உள்ள அடாப்டரைத்தான் தேட வேண்டும். பாட்டை நிறுத்திய பிறகும் செருகியபடியே விட்டால் சில்லு கொஞ்சம் பேட்டரியைத் தின்கிறது. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுக்கும்போது முனை சற்றே அசைந்தாலும் இணைப்பு விட்டுப்போய்ப் பாட்டு நின்றுவிடுகிறது. இவற்றைவிட என்னை உறுத்துவது, டைப்-சி முனையை ஒட்டிய கழுத்துப் பகுதியில் ரப்பர் உறை மூன்றாம் மாதத்திலேயே விரிசல் விட்டு உள்ளிருக்கும் கம்பிப் பின்னல் தெரியத் தொடங்கியதுதான். சூடேற்றினால் சுருங்கும் குழாய் ஒன்றை அதன்மேல் போட்டு, கழற்றும்போது வயரை இழுக்காமல் முனையைப் பிடித்தே கழற்றி வருகிறேன். இது அறுந்தால் இதே சில்லு வகையைத்தான் மறுபடியும் வாங்குவேன், ஆனால் நூல் பின்னல் உறை போட்டதாகப் பார்த்து.