தொடை எலும்பில் வைத்த ராடு: பில்லில் நான்கு ஸ்க்ரூ, எக்ஸ்ரேயில் இரண்டு

இருசக்கர வாகன விபத்தில் என் தம்பியின் வலது தொடை எலும்பு நடுப்பகுதியில் பல துண்டுகளாக நொறுங்கியது. ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். 'ராடு' வைக்க வேண்டும் என்றார்கள், சம்மதித்தோம். புகார் விசாரணையில் இருப்பதால் அந்த மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்து, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் உலோகக் கம்பியைச் செலுத்தி முறிவை நிலைநிறுத்தும் முறையை ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-இல் கையாளத் தொடங்கினார். குழியை இறுகப் பற்றி நிற்கும் அந்தக் கம்பி, நடுவில் குறுக்காக உடைந்த எலும்புக்குப் போதும். நொறுங்கிய எலும்பிலோ துண்டுகள் சரிந்து கால் குட்டையாகும், முறிவுக்குக் கீழுள்ள பகுதி சுழன்றும் போகும். அதைத் தடுக்கவே கம்பியின் இரு முனைகளிலும் எலும்பின் குறுக்கே ஸ்க்ரூ செலுத்திப் பூட்டும் 'இன்டர்லாக்கிங்' முறை பின்னர் வந்தது. இடுப்புப் பக்கம் பூட்டுவதற்குக் கம்பியோடு இணைத்த கருவியே வழிகாட்டிவிடும். உள்ளே செல்லும்போது கம்பி சற்று வளைந்துவிடுவதால் முழங்கால் பக்கம் அப்படி முடியாது. அறுவை அரங்கில் பயன்படும் 'சி-ஆர்ம்' எக்ஸ்ரே கருவியின் திரையில், ஸ்க்ரூவுக்காகக் கம்பியில் உள்ள துளை முழு வட்டமாகத் தெரியும்வரை கோணத்தைச் சரிசெய்து, அதன் பிறகே எலும்பைத் துளையிட வேண்டும். நேரமும் பொறுமையும் கேட்கும் வேலை அது.

என் தம்பிக்கு அந்த வேலையைச் செய்யவே இல்லை. வீடு திரும்பிய சில வாரங்களில் அவனுடைய பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கேட்டபோது, "நடக்க நடக்கச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். வேறொரு எலும்பு மருத்துவர்தான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்: மேலே இரண்டு ஸ்க்ரூ; முழங்காலுக்குச் சற்று மேலே கம்பியின் இரண்டு துளைகளும் காலி. பில்லிலோ நான்கு ஸ்க்ரூவுக்கும் பணம் வாங்கியிருந்தார்கள். எலும்பு கூடும் கட்டத்தில் ஒரு முனையின் ஸ்க்ரூவை மருத்துவர்களே திட்டமிட்டுக் கழற்றுவது உண்டு என்பதை அறிவேன். ஆனால் இங்கே அறுவைசிகிச்சைக் குறிப்பில் இரு முனைகளும் பூட்டப்பட்டதாகவே எழுதியிருந்தது. எனக்கு ஆறாத கோபம் இந்தப் பொய்யின் மீதுதான்.

அந்தக் குறிப்பைப் பெறுவதே பெரும்பாடாக இருந்தது. நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேட்ட பிறகே கொடுத்தார்கள்.

ஆகவே, ராடோ பிளேட்டோ வைத்த பிறகு டிஸ்சார்ஜுக்கு முன்பே எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கம், பக்கவாட்டு என இரு கோணங்களிலும், கம்பியின் இரு முனைகளும் தெரியும்படி அது இருக்க வேண்டும். ஸ்க்ரூக்களை எண்ணிப் பில்லோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பொருத்திய கம்பியின் நிறுவனப் பெயரும் தொகுப்பு எண்ணும் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரும்படியும் கேளுங்கள்.

தம்பிக்கு வேறொரு மருத்துவமனையில் பழைய கம்பியை எடுத்து, சுழற்சியைத் திருத்தி, புதிய கம்பியை இரு முனைகளிலும் பூட்டியிருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துள்ளோம். அதற்கான காலவரம்பு 2 ஆண்டுகள் என்பதால், இதே நிலையில் இருப்பவர்கள் ஆவணங்களை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.