வைட்டமின் ஈ பூசிய டயலைசர்: கூடுதல் காசுக்குத் தகுமா?

டயலைசர் என்பது டயாலிசிஸில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டி; அதற்குள் மெல்லிய குழாய் இழைகளாக சவ்வு இருக்கும். பழைய குப்ரோபேன் (செல்லுலோஸ் வகை) சவ்வில் ரத்தம் பட்டதும் காம்ப்ளிமென்ட் எனும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கிளம்பிவிடும். முதல் 15 நிமிடத்திலேயே வெள்ளணுக்கள் நுரையீரலின் நுண்நாளங்களில் போய் ஒட்டிக்கொள்ள, ரத்தத்தில் எண்ணிக்கை மளமளவெனச் சரியும். பூச்சில்லாத சாதா பாலிசல்ஃபோன் (செயற்கை பிளாஸ்டிக்) சவ்வில் இந்தச் சரிவு சொற்பம். பிறகு பூச்சு எதற்கு? வெள்ளணுக்கள் கக்கும் ஆக்சிஜன் ராடிகல்களை (செல்களைத் தாக்கும் வினைத்துகள்களை) சவ்வின் மேலேயே தணிக்க. அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. ஆயுளைக் கூட்டும் என்பதற்கு மட்டும் உறுதியான சான்று கிடையாது.

ப்ரைமிங்கில், அதாவது ரத்தம் விடுமுன் டயலைசரில் சலைன் (உப்புநீர்) நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதில், அவசரம் கூடாது. ரத்தம் நுழையும் முனையைக் கீழே வைத்து, 1 லிட்டர் சலைனை நிமிடத்துக்கு 150 மில்லி வேகத்தில் ஏற்றி, பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். காற்று தங்கிய இழைகளில் ரத்தம் உறைந்து, டயலைசரில் கருஞ்சிவப்புக் கோடுகள் தெரியும். பூச்சை நம்பி ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. மறுபடி பயன்படுத்த ப்ளீச் போட்டுக் கழுவினால் வைட்டமின் ஈ ஆக்சிஜனேற்றமாகி வீணாகும். அப்படிக் கழுவும் யூனிட்டுகள் இதை வாங்கவே வேண்டாம்.

திருப்பூர், ஈரோடுப் பக்கம் போர் தண்ணியில் உப்பு அதிகம். டயாலிசிஸுக்கான நீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ சவ்வு சீக்கிரம் அடைக்கும். சுத்திகரித்த நீரில் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) மில்லிக்கு 0.25 அலகைத் தாண்டினால், அதன் துணுக்குகள் டயலைசர் சவ்வைக் கடந்து மோனோசைட்டுகள் எனும் வெள்ளணுக்களைக் கிளறும். எங்கள் கணிப்பில் முதல் செலவு ஆர்ஓவுக்குத்தான், டயலைசர் அப்புறம்.

டயாலிசிஸ் தொடங்கிய 20 நிமிடத்துக்குள் மூச்சுத்திணறலோ கடும் அரிப்போ வந்தால் பம்பை நிறுத்தி, ரத்தம் போய்வரும் இரு குழாய்களையும் கிளாம்ப் போடுங்கள். டயலைசரில் உள்ள ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி விடவே கூடாது.