சத்தம் ஒன்று, எழுத்து இரண்டு: குழப்பும் ஆங்கிலச் சொற்கள்

கொப்பியும் பேனையும் விற்கும் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதக் கொடுக்கிறவர் முதலில் தடுமாறும் சொல் 'ஸ்டேஷனரி'. முடிவில் ஈ-ஆர்-வை போடுவதா, ஏ-ஆர்-வை போடுவதா? ஈ வந்தால் காகிதாதிகள். ஏ வந்தால் அசையாமல் நிற்பது. கல்லடிப் பாலத்தில் நெரிசலில் அகப்பட்டு நிற்கும் பஸ்ஸுக்கு அது பொருந்தும், கொப்பிக்குப் பொருந்தாது. 'பேப்பர்' என்ற சொல்லும் ஈ-ஆரில்தான் முடிகிறது. அதை நினைவில் வைத்தால் பலகையில் பிழை வராது.

இப்படிக் குழப்பும் சோடிகளில் இரண்டு வகை உண்டு. ஆங்கிலேயர் வாயிலேயே ஒன்றாக ஒலிப்பவை ஒரு வகை. அவர்கள் வாயில் வேறாக ஒலித்து, நம் வாயில் ஒன்றாகிவிடுபவை மற்ற வகை. முதல் வகைக்குக் காது உதவாது. கண்ணால் பார்த்துத்தான் பழகவேண்டும். இரண்டாம் வகைக்கு எழுத்தை மட்டும் நெட்டுருப் போடுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். முதலில் நாக்கும் உதடும் பழகவேண்டும்.

நம் பிள்ளைகள் அதிகம் பிசகுவது 'எஸ்' ஓசைக்கும் 'இசட்' ஓசைக்கும் இடையில். தமிழில் இரண்டையும் 'ஸ்' என்றே எழுதுகிறோம், அதனால் வேறுபாடு மறைந்துபோகிறது. தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். பாம்பு சீறுவதுபோல் ஊதினால் தொண்டை சும்மா இருக்கும். அதே இடத்தில் நாக்கை வைத்து வண்டு இரைவதுபோல் ஒலித்தால் விரலில் அதிர்வு தெரியும். விலையைக் குறிக்கும் 'பிரைஸ்' சீறலில் முடியும், எழுத்து சி-ஈ. பரிசைக் குறிக்கும் 'பிரைஸ்' இரைச்சலில் முடியும், எழுத்து இசட்-ஈ. இன்னொரு அடையாளமும் உண்டு: பரிசில் 'ஐ' சற்று நீளும், விலையில் வெட்டினாற்போல் நிற்கும். புத்திமதி என்ற பெயர்ச்சொல்லான 'அட்வைஸ்' சீறல், புத்தி சொல்வது என்ற வினைச்சொல் இரைச்சல். தளர்வான சட்டை 'லூஸ்' சீறல், இரட்டை ஓ. தொலைப்பது இரைச்சல், ஒற்றை ஓ. புத்தி சொல்வதிலும் தொலைப்பதிலும்தான் கவனம் வேண்டும்: ஓசை இசட், எழுத்து எஸ். காதை மட்டும் நம்பி எழுதினால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

'லைசன்ஸ்', 'பிராக்டிஸ்' இரண்டிலும் அந்த ஓசை உதவியும் இல்லை. பெயரும் வினையும் ஒரேமாதிரி ஒலிக்கும். இவற்றுக்கு 'அட்வைஸ்'தான் வழிகாட்டி: பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். ஆகவே சாரதி அனுமதிப்பத்திரம் என்ற பொருளில் வரும் லைசன்ஸுக்கு சி. இது பிரித்தானிய முறை, நம் பாடசாலைகளில் படிப்பதும் இதுவே. அமெரிக்கர் லைசன்ஸை இரண்டு இடத்திலும் எஸ்ஸாலும், பிராக்டிஸை இரண்டு இடத்திலும் சியாலும் எழுதுவர். போனின் விசைப்பலகை அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் சரியாக எழுதியதையே அது மாற்றிவிடக்கூடும். அமைப்புக்குள் போய் மொழியை ஐக்கிய இராச்சிய ஆங்கிலமாக மாற்றிவிடுங்கள். வங்கிக் காசோலையான 'செக்'கும் அப்படித்தான்: நமக்கு முடிவு கியூ-யூ-ஈ, அமெரிக்கருக்கு சி-கே. துணி அளக்கும் மீற்றர் ஆர்-ஈ, சுவரில் பூட்டிய தண்ணீர் மீற்றர் ஈ-ஆர்.

'வெட்' என்று இரண்டு சொல். கால்நடை வைத்தியருக்கு வி, ஈரத்துக்கு டபிள்யூ. நம் 'வ' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வைத்தியரைச் சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். ஈரத்துக்குப் பல் தொடவே கூடாது. 'ஊ' சொல்ல உதட்டைக் குவித்து, 'ஊ-எட்' என்று விரைவாக இழுத்தால் சரியாக வரும். நீதிமன்றமும் மேற்சட்டையும் நம் பேச்சில் 'கோட்' ஆகின்றன. ஆங்கிலத்தில் நீதிமன்றத்தின் உயிரோசை நீண்டு, கடைசிவரை ஒரே நிலையில் நிற்கும். சட்டையின் ஓசை முடியும்போது 'உ' பக்கமாகக் குவியும்.

பால் பண்ணையான 'டெய்ரி'க்கும் நாட்குறிப்பான 'டயரி'க்கும் ஓசை வேறுதான், கை எழுதும்போதுதான் புரளும். நாட்குறிப்பில் 'டய' என்று ஐ முன்னால் கேட்கிறது, எழுத்திலும் ஐ முன்னால், ஏ பின்னால். பண்ணைக்கு மறுதலை. வாங்கியது 'போட்', கொண்டுவந்தது 'புரோட்': கொண்டுவருவதன் மூலச்சொல்லில் ஆர் இருக்கிறது, இறந்தகாலத்திலும் அது இருக்கும்.

வெள்ளச் சேத விண்ணப்பங்களில் வருவது 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்'. வேகமாகச் சொன்னால் முதல் உயிர் தேய்ந்து இரண்டும் ஒன்றாகும். வெள்ளம் வயலைப் பாதித்தது என்றால் ஏ. வெள்ளத்தின் விளைவு என்றால் ஈ. சொல்லுக்கு முன் 'த' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், பொருந்தினால் பெரும்பாலும் ஈ. விதிவிலக்கு ஒன்று உண்டு: ஒரு மாற்றத்தைச் செயற்படுத்துவது என்ற பொருளில் ஈயே வினையாகவும் வரும். சாதாரண தர மாணவருக்கு அது அரிதாகத்தான் தேவைப்படும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழைச் சோதனை பலவேளை சிவப்புக் கோடு போடாது. விண்ணப்பத்தைக் கொடுக்குமுன் இந்தச் சொல் வரும் ஒவ்வொரு வரியையும் தனியாக வாசியுங்கள்.

பாடசாலை அதிபரும் கடனின் முதலும் ஒரே 'பிரின்சிபல்', முடிவு பி-ஏ-எல். கொள்கை என்றால் மட்டும் பி-எல்-ஈ. அதிபருக்கு எழுதும் லீவுக் கடிதத்தில் இந்தச் சொல் முதல் வரியிலேயே வருகிறது.