ரூட் உரிமையா, குழு உரிமையா? கண்காணிப்பு ஏஜென்ட்டின் அனுமதிப் பிழைக்கு இரு வழிகள்

ஜாபிக்ஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருளின் ஏஜென்ட் (கண்காணிக்கப்படும் லினக்ஸ் சர்வரில் நிறுவப்படும் சிறு நிரல்) பொதுவாகச் சிறப்புரிமையற்ற தனிப் பயனர் கணக்கில் இயங்குவதால், சர்வரின் பதிவுக் கோப்புகளை (லாக்) படிக்க முற்படும்போது அனுமதி மறுக்கப்படுகிறது.

ஏஜென்ட்டை ரூட்டாகவே, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராகவே, இயக்கினால் பிழை பெரும்பாலும் உடனே மறையும். ஆனால் ஏஜென்ட் வலையமைப்பிலிருந்து கோரிக்கைகளை ஏற்கும் நிரல். தொலைநிலைக் கட்டளைகளும் அனுமதிக்கப்பட்டிருந்தால், கண்காணிப்பு சர்வரைக் கைப்பற்றியவர் அதன் கீழுள்ள ஒவ்வொரு இயந்திரத்தையும் முழுமையாக ஆளலாம். உற்பத்திச் சூழலில் (உண்மையான பயன்பாட்டிலுள்ள சர்வர்களில்) இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏஜென்ட்டின் பயனரை, பதிவுக் கோப்பைப் படிக்கும் உரிமையுள்ள குழுவில் சேர்ப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். கோப்பின் அனுமதி எண் 640 என்றிருந்தால் குழுவினர் படிக்கலாம், எழுத இயலாது. கண்காணிப்புக்கு அதுவே போதும். சேர்த்த பின் ஏஜென்ட்டை மறுதொடக்கம் செய்யாவிட்டால் புதிய குழு உரிமை அதற்குக் கிடைக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோப்புக்கு மேலுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழையும் அனுமதியும் தேவை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு தொடர்ந்தால், லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸ் தடுக்கிறதா என்று தணிக்கைப் பதிவில் பார்க்க வேண்டும். அப்போதும் அந்தப் பாதுகாப்பு அமைப்பை முழுவதுமாக அணைத்துவிடாமல், மறுக்கப்பட்ட அந்த ஒரு செயலுக்கு மட்டும் விதி எழுதுவதே முறை.