"ஒரே கம்பெனி இன்ஜின்தான் சார், அப்படியே உட்கார்ந்துடும்"

தலைப்பில் இருப்பதை நம்பி ஏமாந்தவன் எழுதுகிறேன். பழைய காருக்கு இன்ஜின் மாற்ற நினைத்து, அதே பிராண்டா வேறு பிராண்டா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் பேசிய பேச்சை எழுதுகிறேன். அதே பேச்சு உங்களுக்கும் எங்காவது காதில் விழும்.

என்னுடையது 1967 ஃபோர்டு மஸ்டாங். 289 கன அங்குல வி8, நாலு கியர் மேனுவல். இன்ஜின் புகை தள்ள ஆரம்பித்திருந்தது, ஆயிலும் குடித்தது. சிலிண்டரைப் போர் பண்ணி (உள்சுவரைக் கடைந்து) பிஸ்டன் மாற்றினால் எழுந்து நின்றிருக்கும், இப்போது தெரிகிறது. அன்றைக்கு ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது வேறு. "இந்தக் கிழட்டு இன்ஜினுக்கு எதுக்கு சார் செலவு பண்ணணும்? எண்பதுகளோட மஸ்டாங் 5.0 இன்ஜின் ஒண்ணு நம்மகிட்டயே கிடக்கு. ரோலர் கேம், நல்ல பவர். ஃபோர்டுக்கு ஃபோர்டு."

என் மனதில் அப்போது செவ்ரொலேயின் எல்எஸ் இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தது. 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1, 5.7 லிட்டர், பிளாக்கே அலுமினியம். கேட்டுப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தார். "மஸ்டாங் பானெட்டைத் திறந்து செவ்ரொலே இன்ஜினைக் காட்டினா பார்க்கிறவன் காறித் துப்புவான். மவுண்ட் செய்யணும், ஒயரிங் செய்யணும், ஆறு மாசம் வண்டி ஜாக்கி மேலதான் நிக்கும்." பயந்துவிட்டேன். துப்புகிறவன் துப்பட்டும் என்று விட்டிருக்கலாம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் ஏமாந்தேன். 289-ம் 5.0-வும் ஒரே குடும்பம். 5.0 என்று ஃபோர்டு பெயர் வைத்தது பழைய 302 கன அங்குல இன்ஜினுக்குத்தான் (கணக்குப் பார்த்தால் 4942 சிசி, 4.9 என்றுதான் எழுதியிருக்க வேண்டும்). மவுண்ட் போல்ட் அதே இடம். 1964 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த 289-களில் பெல் ஹவுசிங்குக்கு (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) ஆறு போல்ட், 5.0-விலும் ஆறு. என் கியர்பாக்ஸ் முனகாமல் போய் உட்கார்ந்தது. இன்ஜின் இறங்கிய அன்று நானும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தேன். இப்போது அந்தப் போட்டோவைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதல் ஸ்டார்ட் அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் இருமியது, கார்புரேட்டர் வழியாகத் தும்மியது, ஒரு தடவை நெருப்பே வந்தது. காலையிலிருந்து மாலை வரை கார்புரேட்டரைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார்கள். கடைசியில் ஒரு பையன் போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து நாலு பிளக் ஒயரை இடம் மாற்றிச் செருகினான். குபுக்கென்று பிடித்துக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சிரிக்கிற விஷயமே இல்லை அது. 289-இன் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-5-4-2-6-3-7-8. எண்பதுகளின் ஹெச்ஓ (ஹை அவுட்புட்) 5.0-வில் கேம், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு, வேறு, ஆர்டர் 1-3-7-2-6-5-4-8. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு என்று நாலு சிலிண்டருக்குத் தவறான நேரத்தில் பொறி போயிருக்கிறது. இந்த இன்ஜினை ஒரு தடவை பூட்டிப் பழகியவனுக்கும் இது மனப்பாடம். என் வண்டியில் கை வைத்தவர்களுக்கு, தாங்கள் போடுகிற இன்ஜின் என்னவென்றே தெரியவில்லை. அன்றே வண்டியை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

வண்டி கைக்கு வந்தது. ஐடிலில் சுமாரான ஆட்டம். 2500 ஆர்பிஎம் தாண்டினால் ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி ரெண்டாகத் தெரியும். 3000-த்தில் கியர் நாப்பைப் பிடித்தால் உள்ளங்கை மரத்துப்போகும், இறங்கி அஞ்சு நிமிஷம் கழித்தும் விரல் நுனியில் குறுகுறுப்பு இருக்கும். திரும்பக் கொண்டுபோனேன். "மவுண்ட் ரப்பர் புதுசு சார், செட் ஆகணும்." அடுத்த தடவை, "ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் போயிருக்கு" என்றார்கள், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் இணைப்பு. மாற்றினார்கள், பில் போட்டார்கள். அடுத்து கிளட்ச் பிளேட். அதற்கும் பில். கடைசியில் இனி சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றதும், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். இந்த வண்டியை எத்தனையோ வருஷம் 289-ஓடு ஓட்டியவனிடம் சொல்கிறார்!

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், பேச்சு குறைவு. வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. நிறுத்தி வைத்து, நியூட்ரலில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை ஏற்றச் சொன்னார். அப்படியே ஆடியது. "நிக்கிற வண்டி ஆடுது. இதுல ஷாஃப்ட் எங்க வந்துச்சு?" என்றார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பைசா செலவில்லாத சோதனை. ஆட்டம் ஆர்பிஎம்மோடு ஏறினால் கோளாறு இன்ஜினிலோ அதோடு சேர்ந்து சுற்றுகிற எதிலோ இருக்கிறது. வண்டியின் வேகத்தோடு ஏறினால் ஷாஃப்டையும் டயரையும் பாருங்கள். எனக்கு இது தெரிந்திருந்தால் ரெண்டு பில் மிச்சம்.

பிறகு டார்ச்சையும் சின்னக் கண்ணாடி ஒன்றையும் எடுத்துக்கொண்டு அடியில் போனார். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் பிளாக்கில் வார்த்திருக்கும் எழுத்தைப் படித்தார்: ஈ6எஸ்இ. ஃபோர்டின் வார்ப்பு எண்ணில் முதல் எழுத்து பத்தாண்டைச் சொல்லும். சி என்றால் அறுபதுகள், டி எழுபதுகள், ஈ எண்பதுகள். அடுத்த எண் வருஷம். ஆக 1986-இல் வரைந்த பிளாக். அதில் பொய் இல்லை. அப்புறம் முன்பக்கம் வந்து கிராங்க் புல்லியைக் காட்டி, "எத்தனை போல்ட்?" என்றார். எண்ணினேன், மூணு. "இந்த இன்ஜினோட டேம்பர்ல நாலு இருக்கணும்." டேம்பர் என்பது அந்தப் புல்லிக்குப் பின்னால் கிராங்கின் முன்முனையில் இருக்கும், அதிர்வை அடக்கும் வட்டு.

விஷயம் இதுதான். இந்த வி8-இல் கிராங்கை (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) சமன் செய்கிற எடை முழுவதையும் ஃபோர்டு கிராங்கிலேயே வைக்கவில்லை. ஒரு பங்கை முன்னால் டேம்பரிலும் பின்னால் கிளட்ச் உட்காரும் ஃப்ளைவீல் சக்கரத்திலும் வைத்திருக்கிறது. 289-க்கும் பழைய 302-க்கும் அந்த எடை 28 அவுன்ஸ்-இன்ச். எண்பதுகளின் தொடக்கத்தில் கிராங்கை இலேசாக்கினார்கள், வெளியே வைக்கிற எடை 50 ஆனது. வில்லங்கம் என்னவென்றால், 28-இன் டேம்பரும் ஃப்ளைவீலும் 50-இன் கிராங்கில் அழகாகப் பூட்டிக்கொள்ளும். போல்ட் இடிக்காது, எதுவும் உரசாது. சுற்றினால்தான் தெரியும். என் வண்டியில் பழைய 289-இன் டேம்பரையும் ஃப்ளைவீலையும் கழற்றி அப்படியே புது இன்ஜினில் மாட்டியிருந்தார்கள். ஏன் என்றும் ஊகிக்க முடிகிறது: என் பழைய புல்லிகளுக்கு மூணு போல்ட். நாலு போல்ட் டேம்பர் போட்டால் புல்லி, பெல்ட் லைன் எல்லாம் மாற்ற வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு என் கிராங்கைப் பலி கொடுத்தார்கள்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஆயிலை வடித்தபோது வெயிலில் சாம்பல் நிறத்தில் மினுக்கியது, மீன் செதில் கரைந்த மாதிரி. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை உருவினால் அடியில், கேமோடு கடித்துச் சுற்றும் இடத்தில் இருக்கிற கியரின் பற்கள் கத்தி முனை போலத் தேய்ந்திருந்தன. ரோலர் கேம் ஸ்டீல், அதற்கு ஸ்டீல் கியர்தான் போட வேண்டும். இவர்கள் 289-இன் டிஸ்ட்ரிபியூட்டரை, அதன் வார்ப்பிரும்பு கியரோடு செருகியிருந்தார்கள். கேம் அதைத் தின்றது. தின்ற தூள் ஆயிலில் கலந்து, ஏற்கெனவே உதறிக்கொண்டிருந்த கிராங்கின் பியரிங்குக்குப் போனது. மெயின் பியரிங்கில் செம்பு தெரிந்தது.

பிராண்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஃபோர்டுக்கு ஃபோர்டு என்பதில் அர்த்தமே இல்லையா என்று கேட்டால், பிராண்ட் என்பது பானெட்டில் ஒட்டுகிற பெயர், அவ்வளவுதான். ஃபோர்டின் 351 வின்ட்ஸரும் 351 கிளீவ்லண்டும் ஒரே எண், ஒரே கொள்ளளவு, ஆனால் வேறு வேறு இன்ஜின். 302-ஐவிட 351 வின்ட்ஸரின் பிளாக் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் உயரம், பானெட் மூடுமா என்று பார்க்க வேண்டும். 2011 மஸ்டாங்கில் வந்த கொயோட்டி 5.0 இருக்கிறதே, ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டிலும் ரெண்டு கேம்ஷாஃப்ட் வைத்து அகலமாகிவிட்டது. என் மாதிரி பழைய மஸ்டாங்கில் அதை இறக்க, சஸ்பென்ஷனைத் தாங்கும் ஷாக் டவரை வழக்கமாக வெட்ட வேண்டியிருக்கும். எல்எஸ்-இல் ஒரே கேம், அதுவும் பிளாக்குக்குள்ளேயே. அதனால் ஒல்லி. சொந்த வீட்டுப் பிள்ளை வாசலில் மாட்டிக்கொள்ள, பக்கத்து வீட்டுப் பையன் உள்ளே நுழைந்துவிடுவான்.

என் நண்பர் ஒருவர் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ரோவர் வி8 போட்டிருக்கிறார். அவரிடமும் ஆரம்பத்தில் எல்லாரும் "பாவம் பண்றீங்க" என்றார்கள். எம்ஜி கம்பெனியே 1973-இல் அந்த வி8-ஐப் போட்டு எம்ஜிபி ஜிடி வி8 விற்றது. அந்த ரோவர் இன்ஜினும் பிறப்பில் ரோவர் இல்லை, அமெரிக்காவின் ப்யூயிக்கிலிருந்து வந்த வடிவம். முழு அலுமினியம் என்பதால் எடையும் பழைய 1.8 லிட்டர் வார்ப்பிரும்பு இன்ஜினை ஒட்டித்தான் வரும். ஆனால் அவர் வண்டி நன்றாக ஓடுவதற்குக் காரணம் அந்த வரலாறு இல்லை. அவருடைய மெக்கானிக் இன்ஜின், ஃப்ளைவீல், கிளட்ச், ஐந்து கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே ரோவர் எஸ்டி1 காரிலிருந்து ஒன்றாகக் கழற்றி வரச் சொன்னார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஸ்டியரிங் ஷாஃப்டுக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பார்த்த பிறகுதான் வெல்டிங் மெஷினைத் தொட்டார். வேறு பிராண்ட் என்பதால் எதுவும் பொருந்தாது என்று நினைத்து, ஒவ்வொன்றையும் அளந்தார். என் ஆட்கள் ஒரே பிராண்ட் என்பதால் எல்லாம் பொருந்தும் என்று நினைத்து, ஒன்றையும் அளக்கவில்லை.

ஆகவே ஒர்க்‌ஷாப்பில் போய் எந்த பிராண்ட் என்று பேச்சைத் தொடங்காதீர்கள். எந்த வண்டியிலிருந்து வந்த இன்ஜின், வார்ப்பு எண்ணின் போட்டோ எங்கே, டேம்பரும் ஃப்ளைவீலும் எதிலிருந்து வந்தவை, சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) எந்தப் பக்கம், ஃபயரிங் ஆர்டர் என்ன என்று கேளுங்கள். கேட்டதும் எரிச்சல்படுகிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள். பதிவுச் சான்றில் இன்ஜின் நம்பர் ஏறுகிற நாட்டில் இருந்தால் அந்தக் காகித வேலையையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியது இன்னொன்று: கழற்றுகிற பழைய இன்ஜின் உங்களுடையது, உங்களிடமே திரும்ப வரும் என்று. நான் வாங்கவில்லை. கேட்டபோது, "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள். வண்டியோடு பிறந்த பிளாக் அது. நாளைக்கு யாராவது அசல் நிலைக்குக் கொண்டுவர நினைத்தால் அதுதான் முதலில் வேண்டும். ஸ்கிராப்புக்குப் போடுகிற இன்ஜினிலிருந்து டேம்பர், ஃப்ளைவீல், டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் பத்திரமாகக் கழற்றி வைத்தவர்கள், பிளாக்கை மட்டும் எடைக்குப் போட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை.

புது மெக்கானிக் கிராங்கைக் கிரைண்ட் பண்ணி, 50-க்கு உரிய டேம்பரும் ஃப்ளைவீலும் போட்டு, ஸ்டீல் கியரோடு டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டிக் கொடுத்தார். கண்ணாடியில் இப்போது பின்னால் வருகிற வண்டி ஒன்றாகவே தெரிகிறது. பழைய பிளாக்கின் வார்ப்பு எண் சி6ஏஇ என்று தொடங்கும், தேதிக் குறி 6எம்9, அதாவது 1966 டிசம்பர் 9-இல் வார்த்தது. டேம்பரும் ஃப்ளைவீலும் இல்லாத 289 பிளாக் ஒன்றை யாராவது உங்களிடம் விற்க வந்தால், வாங்குவதற்கு முன் அந்தக் குறியை ஒரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.